வண்டியை எஃப்.சி.க்குக் காட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊருக்கு ஊர் பெயர்தான் வேறு. இந்தியாவில் எஃப்.சி. (தகுதிச் சான்று), பிரிட்டனில் எம்.ஓ.டி., அயர்லாந்தில் என்.சி.டி., சுவிட்சர்லாந்தில் எம்.எஃப்.கே., ஜப்பானில் ஷாகென். ஓடுகிற வண்டி சாலையில் ஓடத் தகுதியானதுதானா என்று சட்டப்படி பார்க்கிற வேலை எல்லா இடத்திலும் ஒன்றே. வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

சோதனையில் தேறிவிட்டால் வண்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. பெரும்பாலானவர்கள் தப்பாகப் புரிந்துகொள்வது இதைத்தான். சட்டம் பட்டியலிட்ட பாகங்கள் சோதனை நடந்த அந்த நேரத்தில் குறைந்தபட்ச அளவுக்கு மேலே இருந்தன என்பது மட்டுமே சான்றிதழின் பொருள். சோதிப்பவர் எதையும் கழற்றிப் பார்ப்பதில்லை. எஞ்சின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கிளட்ச் இன்னும் எத்தனை மாதம் தாங்கும், கியர்பாக்ஸுக்குள் என்ன நடக்கிறது என்பதெல்லாம் அவருடைய கணக்கில் வராது. மறுநாள் காலையில் வண்டி நடுவழியில் நின்றுபோனாலும் சோதனை தவறு என்று சொல்ல முடியாது.

எனவே சர்வீஸ் வேறு, சோதனை வேறு. "சர்வீஸ் விட்டுத்தானே எடுத்தேன், எப்படி ஃபெயில் ஆனது?" என்பதும், "எஃப்.சி. ஆன வண்டி, நம்பி வாங்கலாம்" என்பதும் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருகிற பேச்சு.

இதை ஏன் கட்டாயமாக்கினார்கள்?

பெரும்பாலான வண்டிக்காரர்கள் தாங்களாகப் போய்ப் பார்த்துக்கொள்வதில்லை என்பதால்தான். பிரிட்டனில் 1960-இல் இது தொடங்கியபோது பத்து வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு மட்டுமே சோதனை. பிரேக், விளக்கு, ஸ்டியரிங் மூன்றையும்தான் பார்த்தார்கள். அதிலேயே ஏகப்பட்ட வண்டிகள் தோற்றன. உடனே 1961-இல் வயதை ஏழாகக் குறைத்தார்கள், 1967-இல் மூன்றாக்கினார்கள். இன்றுவரை அங்கே மூன்றுதான். வட அயர்லாந்தில் மட்டும் நான்கு.

ஜெர்மனியின் கதை இன்னும் பழையது. அங்கே சோதனைக்கே செல்லப்பெயராகிவிட்ட 'ட்யூஃப்' என்ற அமைப்புகள் கார்களுக்காகப் பிறந்தவை அல்ல. 1865-இல் மன்ஹைம் நகரில் ஒரு மதுபான ஆலையின் நீராவிக் கொதிகலன் வெடித்தது. அடுத்த ஆண்டே கொதிகலன் உரிமையாளர்கள் சேர்ந்து, நடுநிலையான ஆட்களை வைத்துச் சோதிக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். அந்த மரபில் வந்தவர்கள்தான் பின்னாளில் கார்களையும் பார்க்க ஆரம்பித்தார்கள். விற்கிறவனும் ஓட்டுகிறவனும் அல்லாத மூன்றாவது ஆள் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வருகிறது. நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த விஷயம் மறுபடி வரும்.

என் வண்டிக்கு எப்போது காட்ட வேண்டும்?

வண்டி எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது, என்ன வயது, சொந்த உபயோகமா வாடகைக்கா என்ற மூன்றையும் பொறுத்தது.

இந்தியாவில் லாரி, பஸ், ஆட்டோ, வாடகைக் கார் போன்ற போக்குவரத்து வாகனங்களுக்குப் புதிதாகப் பதிவாகும்போது இரண்டு ஆண்டுக்குத் தகுதிச் சான்று உண்டு. எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அப்புறம் ஆண்டுதோறும் காட்ட வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-ஆவது பிரிவின்படி, தகுதிச் சான்று இல்லாத போக்குவரத்து வாகனம் முறையாகப் பதிவு செய்யப்பட்டதாகவே கருதப்படாது. சொந்தக் கார், பைக் என்றால் 15 ஆண்டுப் பதிவு முடிந்து புதுப்பிக்கும்போதுதான் முதல் சோதனை. அதன் பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் கார்களுக்குக் குறைந்தபட்ச விதி, நான்கு வயதில் முதல் சோதனை, பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. இதைவிடக் கடுமையாக்கிக்கொள்ள நாடுகளுக்கு உரிமை உண்டு. ஜெர்மனியில் முதல் சோதனை மூன்று வயதில். ஜப்பானிலும் அதே கணக்கு, மூன்று, பிறகு இரண்டிரண்டு. சிங்கப்பூரில் மூன்று வயதிலிருந்து பத்து வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பத்தைத் தாண்டினால் ஆண்டுதோறும். சுவீடனில் முதல் இரண்டு சோதனைகள் முடிந்த பிறகு 14 மாதத்துக்கு ஒருமுறை. இந்தப் பதினான்கு மாதக் கணக்கை எந்த நாட்காட்டியை வைத்து நினைவில் கொள்கிறார்களோ!

எல்லா இடத்திலும் ஆண்டுக் கணக்கு என்றும் இல்லை. கனடாவின் ஒன்டாரியோவிலும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் சொந்தக் காருக்கு முக்கியமாக வண்டி கை மாறும்போதுதான் சான்று கேட்பார்கள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சாஸ் 2025 ஜனவரி முதல் சொந்த வண்டிகளுக்கான பாதுகாப்புச் சோதனையையே எடுத்துவிட்டது. புகைச் சோதனை மட்டும் சில மாவட்டங்களில் தொடர்கிறது.

பைக்குக்கும் உண்டா?

பல நாடுகளில் உண்டு. ஜப்பானில் 250 சி.சி.க்கு மேற்பட்டவற்றுக்கு மட்டும். பிரான்சில் நீண்ட இழுபறிக்குப் பிறகு 2024 ஏப்ரலில்தான் இருசக்கர வண்டிகளுக்கும் வந்தது.

உள்ளே என்னதான் பார்க்கிறார்கள்?

முதலில் ஆள் அடையாளம். சேஸிஸ் நம்பரும் நம்பர் பிளேட்டும் ஆவணத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் பிரேக். இந்தியாவில் மோட்டார் வாகன ஆய்வாளரை மக்கள் இன்றும் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றுதான் சொல்கிறார்கள். பேர் சும்மா வரவில்லை.

கருவி உள்ள நிலையங்களில் வண்டியின் சக்கரங்களை இரண்டு உருளைகளுக்கு நடுவே நிறுத்துவார்கள். உருளை சக்கரத்தைச் சுழற்றும், நீங்கள் அல்லது சோதிப்பவர் பிரேக்கை மெல்ல அழுத்த வேண்டும். சக்கரம் எவ்வளவு விசையோடு எதிர்க்கிறது என்பதைக் கருவி அளக்கும். எல்லாச் சக்கரங்களின் விசையையும் கூட்டி வண்டியின் எடையால் வகுத்தால் வருவதுதான் பிரேக் திறன். பிரிட்டனில் புதிய கார்களுக்கு இது 58 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஆனால் மொத்தக் கணக்கு சரியாக வந்தாலும் தோற்கலாம். ஒரே அச்சில் உள்ள இரண்டு சக்கரங்களில் ஒன்று 100 பங்கு பிடித்தால் மற்றது 70-ஆவது பிடிக்க வேண்டும். அதற்கும் கீழே போனால், அவசரத்தில் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். ஓட்டிப் பழகியவருக்கு இது தெரியாமலே இருக்கும், கை தானாகவே ஸ்டியரிங்கைத் திருத்திக்கொள்ளும். உருளையிடம் அந்தச் சமாளிப்பு நடக்காது.

நான்கு சக்கரத்துக்கும் எப்போதும் விசை போகிற வண்டிகள் சிலவற்றை உருளையில் ஏற்றக் கூடாது. அவற்றைச் சாலையில் ஓட்டித்தான் அளக்க வேண்டும். சோதனைக்கு நேரம் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

மற்றவை வேகமாகப் போகும். சக்கரத்தை ஆட்டிப் பார்த்து பால் ஜாயிண்ட், புஷ் போன்ற இணைப்புகளின் தேய்மானம் பார்ப்பார்கள். அடிப்பகுதியில் துரு, பிரேக் குழாய்க் கசிவு. ஹெட்லைட்டின் ஒளி எந்த உயரத்தில் விழுகிறது என்று ஒரு பெட்டியை முன்னால் வைத்துப் பார்ப்பார்கள். சீட் பெல்ட், ஹாரன், கண்ணாடி விரிசல், வைப்பர். டயரில் பட்டன் ஆழம் பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இந்தியாவிலும் கார்களுக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் வேண்டும். கடைசியில் புகை.

புகைச் சோதனையும் தகுதிச் சோதனையும் ஒன்றா?

சில நாடுகளில் ஒன்றின் பகுதி மற்றது, சிலவற்றில் தனித்தனி. இந்தியாவில் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று தனி. சொந்த வண்டிக்கும் வேண்டும். பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதியும் அதற்குப் பிந்தையவையும் பொருந்தும் வண்டிகளுக்கு ஓராண்டு, பழையவற்றுக்கு ஆறு மாதம் செல்லும். இலங்கையில் ஆண்டுதோறும் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்று கட்டாயம். அது இருப்பதால் பிரேக்கையும் யாரோ பார்த்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். புகை பார்த்தவர் புகையை மட்டுமே பார்த்தார்.

புகையில் தோற்காமலிருக்க ஒரு எளிய வழி உண்டு. எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். பெட்ரோல் வண்டியின் சைலன்சர் வரிசையில் உள்ள, புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி, சில நூறு டிகிரி சூடான பிறகுதான் வேலை செய்யும். பக்கத்துத் தெருவிலிருந்து ஐந்து நிமிடத்தில் போய் நின்றால் நல்ல வண்டியும் தோற்கும். இருபது நிமிடம் ஓட்டிவிட்டுப் போங்கள். போனதும் எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்கவும் வேண்டாம்.

மின்சாரக் காருக்கு எதற்குச் சோதனை?

புகைதான் இல்லையே தவிர பிரேக், டயர், ஸ்டியரிங் எல்லாம் இருக்கின்றனவே. சொல்லப்போனால் பிரேக்கில் அதற்கே உரிய ஒரு சிக்கல் வரும். வேகம் குறையும்போது மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து பேட்டரியை ஏற்றிக்கொள்வதால், உண்மையான பிரேக் டிஸ்க்குக்கு வேலை குறைவு. வேலை இல்லாத டிஸ்க் துருப்பிடிக்கும். எடை அதிகம் என்பதால் டயரும் சீக்கிரம் தேயலாம்.

முந்தைய நாள் நானே என்னென்ன பார்த்துக்கொள்ளலாம்?

நிறைய. தோற்கிற வண்டிகளில் பெரும் பங்கு பெரிய கோளாறால் தோற்பதில்லை. என் கார் ஒருமுறை தோற்றது நம்பர் பிளேட் மேலே எரிய வேண்டிய ஒரு சின்ன பல்பால். அந்த விளக்கு என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஓட்டுகிறவர் எப்போது பின்னால் போய் நின்று பார்க்கிறார்!

ஆகவே யாரையாவது துணைக்கு அழைத்து வண்டியைச் சுற்றி வரச் சொல்லுங்கள். ஹெட்லைட் டிம், பிரைட் இரண்டும், நான்கு இண்டிகேட்டர், பிரேக் விளக்கு, ரிவர்ஸ் விளக்கு. ஆள் இல்லையென்றால் சுவருக்குப் பக்கத்தில் பின்பக்கம் காட்டி நிறுத்தி, பிரேக்கை மிதித்து, சுவரில் படும் சிவப்பைக் கண்ணாடியில் பாருங்கள்.

டயருக்கு அளவுகோல்கூட வேண்டாம். பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும், கார் டயரில் அவை 1.6 மில்லிமீட்டர் உயரம். பட்டனும் மேடும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வைத்து உள்பக்க ஓரத்தையும் பாருங்கள், சக்கரங்களின் அலைன்மெண்ட் சரியில்லாத வண்டியில் மொட்டையாவது அங்கேதான்.

டிக்கியைக் காலி செய்யுங்கள். பின்னால் பாரம் இருந்தால் வண்டியின் மூக்கு தூக்கும், ஹெட்லைட் ஒளி மேலே போகும், அதையும் குறையாக எழுதிவிடுவார்கள். நல்ல வெளிச்சம் வேண்டும் என்று கடையில் வாங்கி மாட்டிய எல்.ஈ.டி. பல்புகளும் இந்த இடத்தில் கவிழ்க்கும். சாதாரண பல்புக்காக வடிவமைத்த விளக்குக் கூட்டில் அவை ஒளியைச் சிதறடிக்கும்.

டாஷ்போர்டில் ஏ.பி.எஸ்., ஏர்பேக், எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எது எரிந்துகொண்டிருந்தாலும் முதலில் அதைக் கவனியுங்கள். சாவி போட்டதும் அவை எரிந்து அணைகிறதா என்று பார்ப்பார்கள், அதனால் பல்பைப் பிடுங்கி மறைக்கும் தந்திரம் செல்லாது. வண்டியின் கணினியில் கருவியைச் செருகிப் பார்க்கும் இடங்களில் இன்னொன்றும் உண்டு: முந்தைய நாள் பேட்டரியைக் கழற்றினாலோ பிழைக் குறியீடுகளை அழித்தாலோ கணினி தன் சுயசோதனைகளை இன்னும் முடித்திருக்காது. 'தயாரில்லை' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். சில நாள் ஓட்டிய பிறகுதான் போக வேண்டும்.

பக்கத்தில் உள்ள சோதனை நிலையத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

தேடுபொறியில் முதலில் வருவதைத் தொடாதீர்கள். மேலே வருபவற்றில் பல விளம்பரங்கள், இடைத்தரகர் தளங்கள். போக்குவரத்துத் துறையின் சொந்த இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற நிலையங்களின் பட்டியல் பெரும்பாலும் இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள். இந்தியாவில் மத்திய அரசின் பரிவாகன் தளம் வழியாக விண்ணப்பித்து நேரம் எடுக்கலாம். தானியங்கி நிலையம் உள்ள இடங்களில் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் பதில் அங்கே போகச் சொல்வார்கள். பிரிட்டனில் நீலப் பலகையில் மூன்று வெள்ளை முக்கோணம் தொங்கினால் அது அங்கீகாரம் பெற்ற இடம். சுவிட்சர்லாந்தில் தேடவே வேண்டாம், மாநிலப் போக்குவரத்து அலுவலகமே தேதி போட்டுக் கடிதம் அனுப்பிவிடும்.

பட்டியலில் பெயர் இருந்தால் போதாது. உங்கள் வகை வண்டியைச் சோதிக்க அந்த இடத்துக்கு அனுமதி உண்டா என்று தொலைபேசியில் கேளுங்கள். பைக், நீளமான வேன், காராவான் வைத்திருப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். காருக்கு மட்டும் அனுமதி உள்ள இடத்துக்கு வேனைக் கொண்டுபோய்த் திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர்.

சோதனை மட்டும் செய்யும் இடமா, பழுதும் பார்க்கும் கராஜா? எது நல்லது?

என் ஓட்டு சோதனை மட்டும் செய்யும் இடத்துக்குத்தான். தோற்கடித்தால் பழுது வேலை கிடைக்கும் என்ற ஆசை அங்கே இல்லை. தெரிந்தவர் என்று கண்ணை மூடிக்கொள்ளும் தயவும் குறைவு. பிரான்சில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள், சோதனை மையம் பழுது பார்க்கக் கூடாது. ஜெர்மனியில் பல பட்டறைகளில் சோதனை நடக்கும், ஆனால் முடிவு சொல்வது வெளியிலிருந்து வரும் அங்கீகரிக்கப்பட்ட பொறியாளர். பிரிட்டனில் பெரும்பாலானவை பழுதும் பார்க்கும் கராஜ்கள்தான். ஆனால் உள்ளாட்சி மன்றங்கள் தங்கள் சொந்த வண்டிகளுக்காக வைத்திருக்கும் நிலையங்கள் பல, பொதுமக்களுக்கும் திறந்திருக்கின்றன. அவை பொதுமக்கள் வண்டிக்குப் பழுது வேலை எடுப்பதில்லை. பலருக்கு இது தெரியாது.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். கராஜில் தோற்றால் அங்கேயே சரிசெய்து அங்கேயே மறுசோதனை முடித்துவிடலாம், வண்டியை அலைக்கழிக்க வேண்டாம். வருடக் கணக்காகப் பழகிய, நேர்மையான மெக்கானிக் இருந்தால் அதுவே சௌகரியம். எந்த இடமானாலும் நின்று பார்க்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். தள்ளி நிற்கச் சொன்னால் பரவாயில்லை, பார்க்கவே கூடாது என்றால் வேறு இடம் பாருங்கள்.

என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

பதிவுச் சான்று, இன்சூரன்ஸ், முந்தைய சோதனைச் சான்று, கேட்கும் நாட்டில் வரி, புகைச் சான்று. லாக்கிங் வீல் நட் (சக்கரத் திருட்டைத் தடுக்கும் நட்டு) இருந்தால் அதன் சாவி. சேஸிஸ் நம்பர் எங்கே பொறித்திருக்கிறது என்று முன்பே கண்டுபிடித்துத் துடைத்து வையுங்கள், சேறு அப்பியிருந்தால் அதைத் தேடுவதிலேயே நேரம் போகும்.

தோற்றுவிட்டால்?

பதற வேண்டாம், தாளைப் படியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் குறைகளை மூன்றாகப் பிரிப்பார்கள். சிறு குறை இருந்தாலும் தேறிவிடும். பெருங்குறை என்றால் தோல்வி, குறித்த காலத்துக்குள் சரிசெய்து மறுசோதனை: ஜெர்மனியில் ஒரு மாதம், பிரான்சில் இரண்டு மாதம். மூன்றாவது, ஆபத்தான குறை. அது எழுதியிருந்தால் பிரிட்டனில் வண்டியை அங்கிருந்து ஓட்டிக்கொண்டு போகவே கூடாது, பழைய சான்று இன்னும் செல்லுபடியாக இருந்தாலும் சரி. இழுவை வண்டிதான்.

மறுசோதனையில் தோற்ற பாகங்களை மட்டும் பார்ப்பார்களா, முழுவதும் மறுபடியுமா, கட்டணம் உண்டா என்பதை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு தவறு என்று தோன்றினால்?

மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அதற்குள் பழுதைச் சரிசெய்துவிடாதீர்கள். சரிசெய்த பாகத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. காலக்கெடுவும் குறைவு, பிரிட்டனில் 14 வேலை நாட்கள்.

தேதி போனது தெரியாமல் ஓட்டிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

ஓட்டுவதை நிறுத்திவிட்டு நேரம் பதிவு செய்யுங்கள். பிரிட்டனில் முன்பதிவு செய்த சோதனைக்கோ பழுது பார்க்கவோ போகும் வழியில் மட்டும் சான்று இல்லாமல் ஓட்ட இடம் உண்டு. மற்ற நாடுகளில் கேட்டுக்கொள்ள வேண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் பார்க்கும் தாள்களில் இதுவும் ஒன்று.

அடுத்த முறைக்கு முன்கூட்டியே போங்கள். பிரிட்டனில் ஒரு மாதத்துக்கு ஒருநாள் குறைவாக முன்னால் போனாலும் பழைய தேதியே அடுத்த ஆண்டுக்கும் நிற்கும், நாள் வீணாகாது. ஜெர்மனியில் நினைவு வைப்பது இன்னும் சுலபம்: பின்பக்க நம்பர் பிளேட்டில் உள்ள வட்ட ஒட்டியில் உச்சியில் நிற்கும் எண் மாதம், நடுவே உள்ளது ஆண்டு.

பழைய கார் வாங்கும்போது இந்தச் சான்றுகளை எப்படிப் படிப்பது?

கடைசித் தாளை விட முந்தைய தாள்கள் முக்கியம். தேறிய தாளிலேயே 'இது கவனிக்க வேண்டியது' என்று சில குறிப்புகள் எழுதியிருப்பார்கள். மூன்று ஆண்டுகளாக ஒரே துரு, ஒரே எண்ணெய்க் கசிவு திரும்பத் திரும்ப வந்திருந்தால், உரிமையாளர் தேறும் அளவுக்கு மட்டும் செலவழித்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம். ஓடிய தூரமும் ஒவ்வொரு முறையும் பதிவாகும் நாடுகளில் எண்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். நடுவில் எங்காவது குறைந்திருந்தால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் வர வேண்டும். பிரிட்டனில் நம்பர் பிளேட் எண்ணை வைத்தே அரசுத் தளத்தில் இதை இலவசமாகப் பார்க்கலாம்.

வண்டியைக் கொண்டுபோகாமலே சான்று வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். பிடிபட்டால் சான்று ரத்தாகும், வழக்கும் வரும். பிடிபடாவிட்டால் இன்னும் மோசம், வண்டியின் பிரேக் எப்படி இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.